பழைய பியானோவில் பீத்தோவன்: முதல்முறை உட்காருகிறவர்களுக்கு

நவீன பியானோவில் நாலைந்து வருடம் பயிற்சி செய்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பீத்தோவனின் ‘பத்தெதிக்’ சொனாட்டா ஓரளவு கைக்கு வந்திருக்கும். ‘மூன்லைட்’ கடைசிப் பகுதியோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். ஆனால் அவற்றை எழுதிய காலத்தில் அவர் வாசித்த மாதிரியான பியானோவைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது ஒரு வாய்ப்பு அமைந்திருக்கிறது: ஓர் அருங்காட்சியகத்தில், ஒரு கோடை வகுப்பில், இல்லையென்றால் அந்தக் கருவியை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில். அங்கே போய் உட்கார்ந்ததும் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பார்ப்போம்.

நான் முதல் நாள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பத்தெதிக்’கின் முதல் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை), வழக்கம்போல் தோளிலிருந்து எடையை இறக்கி அடித்தேன். கம்பிகள் கலகலத்து அலறின, அடுத்த நொடியே சத்தம் அடங்கிப்போனது. கருவி பலவீனமானது, பெரிய உணர்ச்சியைத் தாங்காது என்று நினைத்தேன். அது முற்றிலும் தவறு என்று புரிய ஒரு வாரம் ஆனது. இந்த இசையின் ஆவேசம், கருவி தன் எல்லையைத் தொடுகிற இடத்தில் பிறக்கிறது. நவீன கான்சர்ட் பியானோவில் அந்த எல்லை எங்கோ தொலைவில் இருக்கிறது, நாம் எவ்வளவு அடித்தாலும் அது இன்னும் கொடுக்கும். பழைய பியானோவில் எல்லை விரலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பீத்தோவன் அதை அறிந்தே எழுதினார். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், எப்போது அதைத் தொடுவது என்று முடிவு செய்வதும்தான் நீங்கள் கற்கப்போகும் வேலை.

எந்தக் கருவி என்று கேளுங்கள்

‘பழைய பியானோ’ என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. ஃபுளோரன்ஸில் 1700 வாக்கில் பார்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி செய்த முதல் பியானோக்களுக்கும், 1820களில் வியன்னாவில் கான்ராட் கிராஃப் செய்தவற்றுக்கும் நடுவே கருவி ஏறக்குறைய அடையாளமே மாறிவிட்டது. பீத்தோவன் ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே அது எவ்வளவோ வளர்ந்தது. இளமையில் அவர் அறிந்தவை ஐந்து ஆக்டேவ், அதாவது 61 கட்டை (விரலால் அழுத்தும் விசை) கொண்ட கருவிகள். ஆக்ஸ்பர்கில் ஸ்டைன் செய்தவை, வியன்னாவில் அன்டன் வால்டர் செய்தவை அந்த வகை. 1803இல் பாரீசிலிருந்து எரார்ட் கம்பெனியின் பியானோ ஒன்று அவருக்கு வந்தது. ஐந்தரை ஆக்டேவ், நான்கு பெடல். இன்று அது லின்ஸ் நகரில் இருக்கிறது. 1818இல் லண்டனிலிருந்து பிராட்வுட் அனுப்பிய ஆறு ஆக்டேவ் கருவி வந்து சேர்ந்தது. அது பிறகு பியானோ மேதை லிஸ்டின் கைக்குப் போய், இப்போது புடாபெஸ்டில் ஹங்கேரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அவரிடம் இருந்த கிராஃப் பியானோவை பான் நகரில் அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வாசிப்பவருக்கு இந்த வரலாற்றால் ஒரு நேரடிப் பயன் உண்டு. 1799இல் வெளியான ‘பத்தெதிக்’, 1802இல் வெளியான ‘மூன்லைட்’ இரண்டும் 61 கட்டைக்குள் அடங்கிவிடும். அவருடைய இன்னொரு சொனாட்டாவான ‘அப்பாஸியோனாட்டா’ அடங்காது, மேலே கட்டை தீர்ந்துவிடும். எனவே போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: யார் செய்த கருவி, எத்தனை ஆக்டேவ், எந்தச் சுருதியில் நிற்கிறது, டாம்பரை (கம்பியின் ஒலியை நிறுத்தும் அடைப்பை) தூக்குவது காலா முழங்காலா? இதைத் தெரிந்துகொண்டுதான் எந்தப் படைப்பை எடுத்துப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

அசல் கருவியா, நகலா என்றும் கேளுங்கள். இருநூறு வயதான அசலில் ‘மூன்லைட்’ கடைசிப் பகுதியைப் பழகக் கேட்பது நியாயமில்லை. நகல் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். செக் நாட்டில் பால் மெக்நல்டி செய்கிற வால்டர், ஸ்டைன், கிராஃப் நகல்களில்தான் ரொனால்ட் பிரௌட்டிகாம் பீத்தோவனின் சொனாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்தார். சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று காதுக்குத் தெரிய, போவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பதிவுகளைக் கேட்கத் தொடங்குங்கள். மால்கம் பில்சன், ஆந்திரேயாஸ் ஷ்டையர், கிறிஸ்டியன் பெசைடன்ஹௌட் ஆகியோரையும் கேளுங்கள். ஒரே கருவி வகையில் ஒவ்வொருவரும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது தெரியும்.

முறையாகப் படிக்க விரும்பினால் பாசலின் ஸ்கோலா கான்டோரம், ஹேகின் ராயல் கான்சர்வேட்டரி போன்ற இடங்களில் ஃபோர்ட்டேபியானோவுக்கு, அதாவது இந்தப் பழைய வகைப் பியானோவுக்கு, தனி வகுப்பு உண்டு. கருவியே கிடைக்கவில்லை என்றால் பியானோடெக் மென்பொருளில் வால்டர், கிராஃப் மாதிரிகள் இருக்கின்றன. காதைப் பழக்க அது உதவும். விரலைப் பழக்க உதவாது.

உட்கார்ந்ததும்

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். கட்டை ஓரத்து மரமும் எலும்புத் தகடும் எளிதில் கீறல் விழுபவை. பல வியன்னா கருவிகளில் நிறம் தலைகீழாக இருக்கும்: கீழ்வரிசை கறுப்பு, மேல்வரிசை வெள்ளை. கட்டைகளும் சற்றுக் குறுகல். ஆக்டேவ் எட்டிப் பிடிக்கக் கை பழகிய தூரம் சில மில்லிமீட்டர் கூடுதலாகிவிடும். முதல் அரைமணி தப்பான கட்டையில் விழுவீர்கள், அதற்காகப் பதற வேண்டாம். சுருதியும் நவீன 440 ஹெர்ட்ஸில் இருக்காது, பெரும்பாலும் 430இல் இருக்கும். ஒரு செமிடோனில் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் சுர இடைவெளியில்) பாதிக்கும் சற்றுக் குறைவான இறக்கம் இது. சுரத்தைக் கேட்டவுடன் பெயர் சொல்லிவிடும் காது உள்ளவர்களுக்கு இது சிரமமாக இருக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

எடுத்த எடுப்பில் சொனாட்டாவை வாசிக்காதீர்கள். ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், நடு ஆக்டேவில் ஏதாவது ஒன்று. மெதுவாக அழுத்திப் பாருங்கள். நவீன பியானோவில் கட்டை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்கும். இதில் பாதிதான். எடையும் பாதிக்குக் குறைவு. வியன்னா அமைப்பில் சுத்தியல் கட்டையின் மேலேயே, வாசிப்பவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. கட்டையின் முன்பக்கம் இறங்கும்போது சுத்தியலின் வால் பின்னால் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டி, தலை மேலே வீசப்படுகிறது. அந்தத் தலை சுண்டுவிரல் நகம் அளவுதான், மேலே கம்பளிக்குப் பதில் மெல்லிய தோல். நடுவில் இணைப்புகள் மிகக் குறைவு என்பதால் விரலில் நடப்பது அப்படியே கம்பிக்குப் போகிறது. சுத்தியல் கிளம்பிய பிறகு நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் கட்டை அடியில் மோதும் ‘டொக்’ சத்தம் மட்டும்தான் கூடும்.

இப்போது ஒரு பயிற்சி. அதே கட்டையை, காதில் விழுமா விழாதா என்ற அளவில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு இழை கூட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கூடுவதோடு ஒலியின் நிறமும் மாறும். முதலில் மரத்தை விரலால் தட்டிய மாதிரி. அப்புறம் உருண்டையாக, பேச்சுக்குரல் போல. அப்புறம் உலோகத்தின் மினுக்கு ஏறும். அதற்கும் மேலே போனால் ஓர் இடத்தில் சுரம் உடைந்து வெறும் கலகலப்பு ஆகிவிடும். அந்த இடத்தைக் காதால் குறித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்குங்கள். அதுதான் உங்கள் ஃபோர்ட்டிசிமோ, அதாவது மிக உரத்த அளவு. இதையே கீழ் ஆக்டேவிலும் மேல் ஆக்டேவிலும் செய்து பாருங்கள். எல்லை ஒவ்வோர் இடத்திலும் வேறு. பாஸ் (தாழ்ந்த சுர) கட்டைகளில் நாணல் சீவாளியின் கரகரப்பு இருக்கும். நடுப்பகுதி பாடும். உச்சத்தில் சத்தம் சீக்கிரம் காய்ந்துவிடும். நவீன பியானோ தயாரிப்பவர்கள் எல்லாப் பகுதியும் ஒரே குரலாக ஒலிக்கப் பாடுபட்டார்கள். இங்கே நாலைந்து வேறு வேறு மனிதர்கள் பேசுகிறார்கள். இந்த ஒரு பயிற்சிக்கு முதல் நாள் முழுவதும் போனாலும் பரவாயில்லை.

வளைகோடுகளை மறுபடியும் படியுங்கள்

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பெரிய பாடம் இது. பீத்தோவனின் இசைத்தாளில் இரண்டு மூன்று சுரங்களுக்கு ஒரு குட்டி வளைகோடு (சுரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் குறி) இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்த வளைகோடுகளைப் பொருட்படுத்தாதே, முழு வரியையும் ஒரே இழையாக வாசி’ என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நவீன பியானோவில் அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு சுரமும் நீண்டு ஒலிப்பதால் இடையில் கையைத் தூக்கினால் துண்டு துண்டாகக் கேட்கும்.

பழைய பியானோவில் சுரம் பிறந்த உடனே தேயத் தொடங்குகிறது. டாம்பர் தோலும் சுறுசுறுப்பானது. விரல் எடுத்த கணமே மௌனம். எனவே இரண்டு சுர வளைகோட்டில் முதல் சுரத்துக்குக் கனம் கொடுத்து, இரண்டாவதை லேசாக, குறுக்கிவிட்டால் அது ஒரு பெருமூச்சாகவே கேட்கும். அந்த மாதிரி பத்துப் பெருமூச்சு அடுத்தடுத்து வந்தால், யாரோ விம்மி விம்மிப் பேசுவது போல இருக்கும். உணர்ச்சியைத் தனியாக நீங்கள் ‘சேர்க்க’ வேண்டியதில்லை, அது இசைத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பென்சில் எடுத்து ஒரு பக்கத்தின் எல்லா வளைகோடுகளையும் எழுத்தோடு படியுங்கள். எந்த வளைகோடு முடிகிறதோ அங்கே மூச்சு. இதற்குப் பிற்காலத்து ஆசிரியர்கள் கோடுகளைச் சேர்த்துத் திருத்திய பதிப்பு உதவாது, மூலத்தை அடியொற்றிய பதிப்பு வேண்டும்.

தாளத்தில் எவ்வளவு சுதந்திரம் எடுக்கலாம் என்ற கேள்வியும் இங்கேதான் வரும். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோட்ஸார்ட், மெதுவான பகுதியில் வலது கை தள்ளாடும்போதும் தன் இடது கை அதை அறியாமல் கணக்காக நடப்பதைக் கேட்டு எல்லோரும் வியந்ததாகச் சொல்கிறார். இதைப் பழகிப் பாருங்கள். இடது கையை மட்டும் ஐந்து முறை சீராக வாசியுங்கள், பிறகு வலது கை மெலடியை அதற்கு மேல் கொஞ்சம் பிந்தவும் முந்தவும் விடுங்கள். பீத்தோவன் மோட்ஸார்ட்டை விடத் துணிச்சலாக வேகத்தையே மாற்றியிருப்பார். இருந்தாலும் தொடங்க இது நல்ல இடம்.

‘பத்தெதிக்’கின் முதல் கார்டு

இனி சொனாட்டாவைத் திறக்கலாம். சி மைனரில் தாழ்ந்த ஸ்தாயியில் அடர்த்தியான ஒரு கார்டு, கீழே ‘எஃப் பி’ என்ற குறி. பலமாக அடித்து உடனே மென்மையாகு என்று பொருள். நவீன பியானோவில் இது கிட்டத்தட்ட முடியாத காரியம். அடித்த சத்தம் சும்மா நின்றுகொண்டே இருக்கும். அது தேயும்வரை காத்திருக்க வேண்டும், இல்லை பெடலில் வித்தை காட்ட வேண்டும். வால்டர் வகைக் கருவியில் அந்தக் கார்டை அடித்துவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள். முதலில் ஓர் இடி, உடனே அது தானாகவே வடிந்து, அடுத்த மெல்லிய சுரங்களுக்கு வழிவிடுகிறது. குறியை எழுதியவர் கண்டுபிடித்தது இந்தக் கருவியின் இயல்பைத்தான் என்று அந்த நிமிடத்தில் புரியும். எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இது.

எப்படி அடிப்பது? தோள் எடையை விட்டுவிடுங்கள். விரல் நுனிகள் கட்டையைத் தொட்டபடி இருக்கட்டும், உள்ளங்கையை நோக்கி வேகமாகச் சுண்டுங்கள். எடை வேண்டாம், வேகம் போதும். இன்னும் கனம் வேண்டும் என்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் கார்டைக் கீழிருந்து மேலாக மிக விரைவாக உருட்டி விடுங்கள். பாஸ் முதலில் கிளம்பி மற்றவை அதன்மேல் ஏறும்போது காது அதைப் பெரிதாகக் கேட்கிறது. அந்தக் காலத்து வாசிப்பில் கார்டை உருட்டுவது சாதாரண வழக்கம். அடுத்து வரும் மௌனங்களை முழுசாக விட்டுவிடுங்கள். கருவி உண்மையிலேயே மௌனமாகிறது, அறை காத்திருக்கிறது.

அடுத்து வரும் வேகமான பகுதியான அலெக்ரோவில் இடது கை ஆக்டேவ் நடுக்கம் பக்கம் பக்கமாக வரும். நவீன பியானோவில் முன்கை இறுகிப்போய் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். இங்கே கட்டை லேசு, ஆழம் குறைவு. மணிக்கட்டைச் சாவி திருப்புவது போல மிகச் சிறிதாகத் திருப்பினால் போதும், விரல் கட்டையை விட்டுக் கிளம்பவே கூடாது. பாஸ் மெலிதாகவும் தெளிவாகவும் இருப்பதால் அது வலது கையை மூழ்கடிக்காது. எனவே வேகத்துக்குப் பயப்பட வேண்டாம்.

மெதுவான பகுதியான அடாஜியோவில்தான் புதியவர்கள் திணறுவார்கள். மெலடி தேய்கிறதே என்று அதை உரக்க அடிக்கத் தோன்றும். அடித்தால் இன்னும் சீக்கிரம் தேய்ந்த மாதிரிக் கேட்கும். அதற்குப் பதிலாக நடுவில் ஓடும் சிறு சுரங்களை முணுமுணுப்பாக்குங்கள், வேகத்தை ஒரு துளி கூட்டுங்கள். மெலடி தானாக மேலே வரும்.

முழங்காலும் ‘மூன்லைட்’டும்

வால்டர் காலத்துக் கருவிகளில் காலடியில் பெடல் இருக்காது. கட்டைப் பலகைக்குக் கீழே மரப்பட்டைகள் இருக்கும், முழங்காலால் மேலே தூக்க வேண்டும். ஒன்று டாம்பர்களை உயர்த்தும். இன்னொன்று பெரும்பாலும் மாடரேட்டர்: சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே துணி நாக்குகள் வந்து உட்கார, சத்தம் பனிமூட்டத்துக்குள் போய்விடும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியால் எழும்பித் தூக்குங்கள். தொடையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் வலிக்கும். இருக்கையின் உயரத்தை இதற்காகவும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

‘மூன்லைட்’ முதல் பகுதியின் தலையில், முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் இத்தாலிய மொழியில் எழுதியிருக்கிறார். டாம்பரை எடுத்துவிட்டு, கம்பிகளைத் திறந்தே வைத்து வாசி என்கிறார். நவீன பியானோவில் அப்படியே செய்தால் நாலாவது பாரில் (தாளச் சுற்றில்) எல்லாம் குழம்பிவிடும். பழைய கருவியில் முந்தைய ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தேயத் தேயப் புதியது அதன்மேல் வருகிறது. மங்கலான ஒரு நிழல் மட்டும் பின்னால் தொங்கும். முதலில் முழங்காலை இறக்காமலே வாசித்துப் பாருங்கள். நெருடும் இடங்களில் பாஸ் சுரத்தை இன்னும் மெதுவாகத் தொடுங்கள். அப்படியும் தாங்காத இடத்தில் மட்டும் பாதி இறக்கி ஏற்றுங்கள். பீத்தோவனின் மாணவர் செர்னி பிற்காலத்தில் ஒவ்வொரு பாஸ் சுரத்துக்கும் பெடலை மாற்றச் சொன்னார். அதற்குள் பியானோக்களே நீண்டு ஒலிக்கத் தொடங்கியிருந்தன. வேகத்தையும் கவனியுங்கள்: தாளக் குறி பாருக்கு இரண்டு அடி என்கிறது, நான்கு இல்லை. ஊர்ந்து வாசித்தால் இந்தக் கருவியில் மெலடி அறுந்துவிடும்.

கடைசிப் பகுதியில் வலது கை மெல்லிய சத்தத்தில் மேலே ஓடி, உச்சியில் இரண்டு கார்டுகள் வெடிக்கும். டாம்பரைத் தூக்கச் சொல்லும் குறி அந்த இரண்டு கார்டுக்கு மட்டும்தான். ஓட்டம் முழுவதற்கும் முழங்காலைத் தூக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. ஓட்டம் காய்ந்து, எலும்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் உச்சியில் கம்பிகள் திறக்கும்போது அறையே விரியும்.

‘அப்பாஸியோனாட்டா’வை ஆறுமாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அந்தப் பெயர்கூட பீத்தோவன் வைத்ததில்லை, அவர் இறந்து பதினொரு வருடம் கழித்து 1838இல் ஹாம்பர்க் பதிப்பாளர் ஒருவர் வைத்தது. கருவியின் கீழ்க்கோடியிலிருக்கும் எஃப் முதல் உச்சி வரை எல்லாக் கட்டைகளையும் அது கேட்கிறது, முதல் பகுதி காதுக்கு எட்டாத மென்மையில் முடிகிறது. முதல் நாள் செய்த அந்த ஒற்றைக் கட்டைப் பயிற்சி நன்றாக ஊறியிருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

சுருதி, ஈரப்பதம், அறுந்த கம்பி

இரும்புச் சட்டம் இல்லாத மரக்கருவி இது. அறையின் ஈரப்பதம் மாறினால் சுருதியும் மாறும். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள், ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். சுருதி சேர்க்க நீங்களே கற்றுக்கொள்வது நல்லது. பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டு வாசிப்பவர்கள் வழக்கமாக அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். முதலில் ஒரே சுரத்தின் இரண்டு கம்பிகளை ஒன்றாக்கப் பழகுங்கள். அது வந்தாலே பாதி வேலை முடிந்தது.

கம்பி என்றைக்காவது அறும். பீத்தோவன் மோட்ஸார்ட் கான்செர்ட்டோ ஒன்றை வாசித்தபோது பக்கம் திருப்ப உட்கார்ந்த அவருடைய நண்பர், இசையமைப்பாளர் ரைஹா, பக்கம் திருப்பியதை விட, அறுந்த கம்பிகளைப் பிடுங்கி எடுப்பதிலும் அவற்றில் சிக்கிய சுத்தியல்களை விடுவிப்பதிலுமே நேரம் போனது என்று நினைவுகூர்ந்திருக்கிறார். உங்களுக்கு நடந்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணைக் கருவிக்கு மேலே கொண்டுபோகாமல், அறுந்த துண்டை மற்ற கம்பிகள் மேல் விழாதபடி மெதுவாக ஒதுக்குங்கள். சுத்தியலில் சிக்கியிருந்தால் கட்டையைத் தொடாதீர்கள். உரிமையாளரைக் கூப்பிடுங்கள், எந்தச் சுரம் என்று எழுதி வையுங்கள். புதுக் கம்பி போட்ட பிறகு சில நாள் அது இழுத்துக்கொண்டே, சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கச்சேரிக்கு முந்தின நாள் போட்டிருந்தால் காலையில் ஒருமுறை, ஆட்கள் உள்ளே வரும் முன் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை அந்த ஒரு கம்பியை மட்டும் ஏற்றிவிடுங்கள். சுருதி சேர்க்கும் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.